ஊராட்சிப் பதவியும் சொத்துப் பட்டியலும்: கலிஃபோர்னியாவில் ஒரு மக்கள் உரிமை உருவான வரலாறு

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு நகர மன்ற உறுப்பினருக்கு அந்த ஊரில் எங்கே நிலம் இருக்கிறது, எந்த நிறுவனத்தில் பங்கு இருக்கிறது, யாரிடமிருந்து பரிசு வாங்கினார் என்பதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். கேட்பவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 1974இல் மக்கள் நேரடியாக வாக்களித்து இயற்றிய சட்டம் தந்த உரிமை இது. இதற்காக முதலில் வந்த சட்டம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து கற்ற பாடமே பின்னால் வந்த சட்டத்துக்கு அடித்தளமானது.

உள்ளாட்சிப் பதவி சிறியதாகத் தோன்றினாலும் பணத்துக்கு மிக அருகில் இருப்பது. விளைநிலத்தை மனையாக மாற்ற அனுமதிப்பது, சாலை எந்த வழியாகப் போகும் என்று முடிவு செய்வது, குப்பை அள்ளும் ஒப்பந்தத்தை யாருக்குத் தருவது ஆகிய எல்லாம் நகர மன்றத்தின் கையில் உள்ளன. ஒரே வாக்கெடுப்பில் ஒரு நிலத்தின் மதிப்பு பலமடங்கு உயரக்கூடும். அந்த நிலம் வாக்களித்த உறுப்பினருடையதா என்பது ஊராருக்குத் தெரியாவிட்டால், முடிவு பொதுநலனுக்காக எடுக்கப்பட்டதா, சொந்த ஆதாயத்துக்காக எடுக்கப்பட்டதா என்று அறிய வழியே இல்லை.

இதை உணர்ந்த கலிஃபோர்னியா சட்டமன்றம் 1969இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொதுப் பதவி வகிப்போரும் வேட்பாளர்களும் 10,000 டாலருக்கு மேற்பட்ட தங்கள் முதலீடுகள் அனைத்தையும் அறிவிக்க வேண்டும். மனைவி அல்லது கணவர், வயதுவராத பிள்ளைகள் ஆகியோரின் முதலீடுகளும் அதில் அடங்கும். மான்டரே கவுன்ட்டியின் கடலோரச் சிற்றூரான கார்மெல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1970இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. பதவியாளரின் வேலைக்கும் அவருடைய சொத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாராமல், எல்லாப் பதவிக்கும் எல்லாச் சொத்துக்கும் ஒரே அளவுகோல் வைத்தது அளவுமீறிய தலையீடு என்பது நீதிமன்றத்தின் கருத்து. சொந்தப் பண விவகாரங்களிலும் ஒருவருக்கு அந்தரங்க உரிமை உண்டு என்று அது சொன்னது. இரண்டு ஆண்டுகளில், 1972 நவம்பரில், அந்தரங்க உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே வாக்காளர்கள் சேர்த்தார்கள்.

சட்டமன்றம் 1973இல் மீண்டும் முயன்றது. இம்முறை, ஒருவர் தம் பதவியில் எடுக்கும் முடிவுகளால் பாதிக்கப்படக்கூடிய சொத்தையும் வருமானத்தையும் மட்டும் அறிவித்தால் போதும் என்று வரையறுத்தது. கலிஃபோர்னியாவின் நெவாடா கவுன்ட்டி தொடர்ந்த வழக்கில் 1974இல் அதே உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சொத்து விவரம் கேட்பது தவறில்லை, பதவிக்குத் தொடர்பில்லாததைக் கேட்பதே தவறு என்பது இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே தெளிவாயிற்று.

அதே காலத்தில் அமெரிக்க அதிபரின் ஆட்சியைச் சூழ்ந்த வாட்டர்கேட் ஊழல் நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் 1972லேயே வாக்காளர்கள் இத்தகைய சட்டம் ஒன்றை நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருந்தார்கள். கலிஃபோர்னியாவில் காமன் காஸ், பீப்பிள்ஸ் லாபி என்னும் இரு குடிமக்கள் அமைப்புகளும், அப்போது மாநிலச் செயலராக இருந்த ஜெர்ரி பிரவுனும் சேர்ந்து 9ஆம் முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர். 1974 ஜூன் 4 அன்று வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் அதை ஆதரித்தார்கள். அரசியல் சீர்திருத்தச் சட்டம் என்ற பெயரில் 1975 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அதை நிறைவேற்ற ஐந்து உறுப்பினர் கொண்ட நேர்மை அரசியல் நடைமுறை ஆணையம் அமைக்கப்பட்டது.

இந்தச் சட்டத்தின்கீழ் பதவியாளர்கள் தாக்கல் செய்யும் அறிக்கைக்குப் ‘படிவம் 700’ என்று பெயர். மேயர்கள், நகர மன்ற உறுப்பினர்கள், கவுன்ட்டி மேற்பார்வையாளர்கள், திட்டக் குழு உறுப்பினர்கள், நகர மேலாளர்கள் முதலியோரைச் சட்டமே பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. மற்றப் பதவிகளுக்கு அந்தந்த அமைப்பு தனி விதித்தொகுப்பு வகுத்து, எந்தப் பதவியில் இருப்பவர் எதை அறிவிக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. பதவியேற்ற 30 நாட்களுக்குள் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும், பதவி விலகும்போது ஒருமுறை என்று அறிக்கை தர வேண்டும். 2,000 டாலருக்குக் குறையாத முதலீடு, அதே மதிப்புள்ள நிலம், 500 டாலர் வருமானம், 50 டாலர் பரிசு ஆகியவை அறிவிப்புக்கு உரியவை. நிலமானால் ஆட்சி எல்லைக்குள்ளோ, அந்த எல்லையிலிருந்தோ அமைப்பின் நிலத்திலிருந்தோ இரண்டு மைலுக்குள்ளோ இருந்தால்தான் கணக்கில் வரும். குடியிருக்கும் வீட்டையும் வங்கிச் சேமிப்பையும் சொல்ல வேண்டியதில்லை. பரிசைத் தவிர மற்றவற்றுக்குத் துல்லியமான தொகையும் வேண்டாம். எந்த மதிப்பு வரம்பில் வருகிறது என்று குறித்தால் போதும். கார்மெல் தீர்ப்பின் பாடம் இந்த விதிகள் ஒவ்வொன்றிலும் தெரிகிறது.

சட்டத்தின் உயிர்நாடி பொதுப் பார்வையைப் பற்றிய பிரிவுதான். அறிக்கை வந்துசேர்ந்த இரண்டாம் அலுவல் நாளுக்குள் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பார்க்க வருபவருக்கு எந்த நிபந்தனையும் விதிக்கக் கூடாது. பெயர், அடையாளச் சான்று, காரணம் எதையும் கேட்கக் கூடாது. நகலுக்குப் பக்கத்துக்கு 10 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. கூட்டரசுப் பதவியாளர்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் 1978இல் இயற்றிய சட்டமோ, அறிக்கை கேட்பவர் தம் பெயர், தொழில், முகவரி ஆகியவற்றை எழுதித் தர வேண்டும் என்கிறது. சிற்றூரில் இந்த வேறுபாடு பெரிது. மேயரின் சொத்துப் பட்டியலைக் கேட்டவர் யார் என்ற செய்தி அன்றைக்கே மேயரின் காதுக்கு எட்டிவிடும் என்றால், கடைக்கு உரிமம் வேண்டி நிற்பவரும் வீடு கட்ட அனுமதி கேட்டிருப்பவரும் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். பெயர் கேட்காத அலுவலகத்தில்தான் எளியவருக்கும் துணிவு வரும்.

அறிக்கை தனித்து நிற்கும் ஆவணம் அல்ல. சொந்த ஆதாயம் கலந்த விஷயத்தில் பதவியாளர் முடிவெடுக்கக் கூடாது என்று அதே சட்டம் தடுக்கிறது. நகர மன்ற உறுப்பினர் அப்படிப்பட்ட விஷயம் வரும்போது காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, விலகி, அறையைவிட்டு வெளியேற வேண்டும். அவர் விலக வேண்டிய இடத்தில் விலகினாரா என்று சரிபார்க்க ஊராரின் கையில் உள்ள கருவியே படிவம் 700.

இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு என்பதை 2010இல் பெல் நகரம் காட்டியது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே அப்போது சுமார் 35,000 பேர் வாழ்ந்த அந்த உழைப்பாளர் ஊரில், நகர மேலாளர் ராபர்ட் ரிஸோ ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கியதையும், பகுதிநேர மன்ற உறுப்பினர்கள் பலர் ஒரு லட்சம் டாலரை நெருங்கும் தொகை பெற்றதையும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. அரசு தரும் சம்பளத்தைப் படிவம் 700இல் காட்ட வேண்டியதில்லை என்பதால் அந்த அறிக்கைகளைப் படித்தவருக்கும் இது தெரிய வாய்ப்பில்லை. அதே ஆண்டு மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங், நகரங்களும் கவுன்ட்டிகளும் சம்பள விவரங்களைத் தர வேண்டும் என்று உத்தரவிட்டு, அவற்றை இணையத்தில் வெளியிட்டார். ரிஸோவுக்கு 2014இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நெடுங்காலம் நகர எழுத்தரின் அலமாரியில் இருந்த படிவங்கள் படிப்படியாக இணையத்துக்கு வந்தன. 2025 முதல் மேயர்களும் நகர மன்ற உறுப்பினர்களும் ஆணையத்திடம் நேரடியாக மின்னணு முறையில் தாக்கல் செய்ய வேண்டும்.

கார்மெலில் எழுந்த கேள்வி ஃபுளோரிடாவில் மீண்டும் எழுந்தது. மாநில அளவிலான பதவியாளர்கள் தரும் முழுச் சொத்து மதிப்பு அறிக்கையை 2024 முதல் மேயர்களும் நகர மன்ற உறுப்பினர்களும் தர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகள் பதவி விலகினார்கள். 2024 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

சொத்து விவரச் சட்டம் நிலைக்க இரண்டு வேண்டும் என்பதை இந்த அரை நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது. கேட்கும் விவரம் பதவியின் அதிகாரத்துக்குப் பொருந்த வேண்டும். கொடுத்த விவரம் எந்தத் தடையுமின்றி ஊரார் கைக்கு வர வேண்டும். முதலாவது இல்லாத சட்டம் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். இரண்டாவது இல்லாத சட்டம் ஏட்டில் இருந்தும் பயன் தராது.