ஒற்றைத் தலைவலி: கண்ணா, இரத்தக் குழாயா, மூளையா?

புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று வரியின் நடுவே ஓர் எழுத்து மறைகிறது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாலும் எழுத்து திரும்பவில்லை. மறைந்த இடத்தைச் சுற்றி ரம்பப் பல்லைப் போன்ற ஒளிக்கோடு ஒன்று மினுமினுக்கிறது. அது வளைவாக விரிந்து, இருபது நிமிடத்தில் பார்வையின் ஓரத்திற்குப் போய் மறைகிறது. ‘அப்பாடா’ என்று மூச்சு விடும்போது நெற்றிப்பொட்டில் வலி தொடங்குகிறது, குமட்டுகிறது, வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியவில்லை.

இதுதான் மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி. ஒளிக்கோடு எல்லோருக்கும் தெரிவதில்லை. இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே தெரியும். வீட்டில் சொன்னால், “கண்ணில் கோளாறு, கண்ணாடி போட்டுக்கொள்” என்பார் ஒருவர். “இரத்தக் குழாய் புடைத்துக்கொண்டது” என்பார் இன்னொருவர். “வேலைக்குப் பயந்து சொல்லும் சாக்கு” என்று முணுமுணுப்பவரும் உண்டு. இவற்றுள் முதல் இரண்டையும் பெரிய விஞ்ஞானிகளே நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கைகள் எப்படித் திருத்தப்பட்டன என்று பார்ப்போம். இயற்பியல் ஆசிரியனான எனக்கு இவ்வரலாற்றில் தனிப் பிரியம் உண்டு. இதன் தொடக்கத்தில் நிற்பவர்கள் நம் ஒளியியல் பாடத்தில் வரும் பெரியவர்கள் அல்லவா?

முதலாமவர் இங்கிலாந்தைச் சேர்ந்த உல்லாஸ்டன். சூரிய நிறமாலையில் கருங்கோடுகள் இருப்பதை 1802-இல் முதன்முதலாகக் குறித்தவர். ஒரு நாள் கடுமையான உடல் உழைப்புக்குப் பிறகு, ஒரு கதவின் மேல் எழுதியிருந்த ‘ஜான்சன்’ என்ற பெயரைப் படிக்க முயன்றார். ‘சன்’ என்ற பின்பாதி மட்டுமே தெரிந்தது! வலக்கண்ணால் பார்த்தாலும் இடக்கண்ணால் பார்த்தாலும் அதே பாதிதான் மறைந்திருந்தது. இரண்டு கண்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒரே பக்கத்தில் கெட்டுப்போகுமா? ஆகவே கோளாறு கண்ணில் இல்லை, இரு கண்களின் நரம்புகளும் கலந்து செல்லும் பாதையில் இருக்கிறது என்று 1824-இல் எழுதினார். நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒளிக்கோடு தோன்றும்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்.

ஆனால் இந்த வாதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்த புரூஸ்டர், விழித்திரையை இரத்தக் குழாய்கள் அழுத்துவதே காரணம் என்று 1865-இல் எழுதினார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் அரச வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி, தமக்கு வந்த காட்சிகளை விவரித்து, நோயின் இருப்பிடம் மூளையே என்று மறுத்தார். மருத்துவரான அவருடைய மகன் ஹியூபர்ட் ஏரி தமக்குத் தெரிந்த ஒளிக்கோட்டைக் கட்டம் கட்டமாக வரைந்து 1870-இல் வெளியிட்டார். கோட்டைச் சுவரைப் போல் மடிந்து மடிந்து விரியும் அந்தப் படங்களை இன்றும் மருத்துவ நூல்களில் காணலாம். தந்தைக்குப் பெரும்பாலும் ஒளிக்கோட்டுடன் முடிந்துவிடும். மகனுக்கோ தலைவலி தொடரும். ஒரே குடும்பத்தில் ஒரே நோய் இரு விதமாக வந்ததைக் கவனியுங்கள்.

இனி இரண்டாம் நம்பிக்கைக்கு வருவோம். பெர்லின் உடலியல் அறிஞர் டுபுவா ரேமோன், வலி வரும்போது தம் நெற்றிப்பொட்டுத் தமனி கயிறு போல் விறைத்திருப்பதை 1860-இல் பதிவு செய்தார். 1938-இல் அமெரிக்காவில் கிரகாம், உல்ஃப் என்ற இருவர், எர்காட்டமின் என்ற மருந்து கொடுத்தால் அத்தமனியின் துடிப்பு தணிவதையும் வலி குறைவதையும் சேர்த்துக் காட்டினார்கள். குழாய் சுருங்குவதால் ஒளிக்கோடு, விரிவதால் வலி என்ற கொள்கை பாடமாகிவிட்டது.

அதை அசைத்தது ஒரு வேகக் கணக்கு. அமெரிக்க உளவியலறிஞர் லாஷ்லி, தம் பார்வையில் விரியும் குருட்டுப் புள்ளியை நேரம் குறித்து வரைந்தார். பார்வைக்குரிய மூளைப் புறணியின் நீளத்தை அந்த நேரத்தால் வகுத்தார். 1941-இல் அவர் தந்த விடை: நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். இது எவ்வளவு மெதுவானது தெரியுமா? நிமிட முள் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்முள்ளின் நுனி நகரும் வேகமும் அதுவே. விரைவான நரம்புச் செய்தியோ நொடிக்குச் சுமார் 100 மீட்டர் ஓடும். அப்படியானால் மூளையில் இவ்வளவு மெதுவாக ஊர்வது எது?

லாஷ்லியின் கணக்கோடு தொடர்பில்லாமல் விடை வந்தது. பிரேசில் நாட்டு இளைஞர் லியாவோ, ஹார்வர்டில் காக்காய் வலிப்பை ஆராய முயலின் மூளையைத் தூண்டினார். மின்செயல் அடங்கிப்போகும் ஓர் அலை, புறணியில் மெல்லப் பரவிச் சென்றது. 1944-இல் வெளியான அந்த அலையின் வேகமும் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான்! 2001-இல், ஒளிக்கோடு தெரிந்துகொண்டிருந்த மனிதரின் மூளையையே காந்த ஒத்ததிர்வுக் கருவியால் படம் பிடித்தார்கள். அங்கும் அலை நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது.

வலியின் கதை என்ன? மருந்து கொடுத்து வரவழைத்த மைக்ரேன் வலியின்போது மூளைத் தமனிகள் விரியவில்லை என்று நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2008-இல் காட்டியது. முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு தூண்டப்படுவதும், அதிலிருந்து சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதம் வெளிப்படுவதும் இன்று முக்கியமாகக் கருதப்படுகின்றன. தலைவலி வேளையில் இப்பொருள் இரத்தத்தில் கூடுவதை 1990-இல் கோட்ஸ்பி, எட்வின்சன் என்போர் அளந்தார்கள். அதைத் தடுக்கும் ஊசி மருந்துகளுக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆகவே வாசகர்களே, சில செய்திகளை நினைவில் வையுங்கள். ‘ஒற்றை’ என்பது பெயர்தான். பலருக்கு இரு பக்கமும் வலிக்கும். கண்ணாடி மாற்றுவதால் மைக்ரேன் குணமாகாது. மாதத்தில் பத்து, பதினைந்து நாள் வலி மாத்திரை விழுங்கினால் அதனாலேயே தலைவலி கூடலாம். முதன்முறையாகப் பார்வை மறைந்தாலோ, கைகால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ‘மைக்ரேன்தான்’ என்று நாமே முடிவு கட்டாமல் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். உல்லாஸ்டன் 1828-இல் இறந்தபின் அவர் மூளையில் கட்டி இருந்தது தெரியவந்தது. அவருக்கு வந்தது மைக்ரேன்தானா என்ற ஐயம் இன்றும் உண்டு.

மூன்றாவது நம்பிக்கையை மறந்துவிடவில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், சாக்கு என்று எண்ணாதீர்கள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வாருங்கள்.