மீட்டர் வரைதானா ஊரின் பொறுப்பு? குடிநீர்ப் பின்னோட்டத் தடுப்பு விதிகளின் வரலாறு

தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் வரும். வீட்டிலிருந்து தெருவுக்குப் போகாது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். குழாய்க்கு அப்படியொரு திசை கிடையாது. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தண்ணீர் நகரும், அவ்வளவுதான். மெயின் குழாய் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டிகள் ஒரே நேரத்தில் பெருமளவு நீரை இழுத்தாலோ, தெருவில் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஒரு வீட்டில் பூச்சிமருந்து கலந்த வாளிக்குள் ரப்பர் குழாய் மூழ்கிக் கிடந்தால், வாளியில் இருப்பது ஊர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படும். இது பின்னுறிஞ்சல். ஆலையின் பம்போ கொதிகலனோ தெருக் குழாயை விஞ்சிய அழுத்தத்தில் நீரைத் தள்ளினால் அது பின்னழுத்தம். இரண்டுக்கும் பொதுப்பெயர் பின்னோட்டம். குடிநீர்க் குழாயும் குடிக்கத் தகாத நீரும் தொட்டுக்கொள்ளும் இடமே குறுக்கிணைப்பு.

இந்த ஆபத்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்று. மிக உறுதியான தடுப்பு, குழாயின் வாய்க்கும் கீழே உள்ள நீர்மட்டத்துக்கும் நடுவே விடும் காற்றிடைவெளி. அதற்குச் செலவே இல்லை. அப்படியிருந்தும் ஊர் ஊராக மக்கள் நோயுற்றார்கள். தனியார் வீட்டுச் சுவருக்குள் நுழைந்து குழாயைப் பார்க்கும் உரிமை யாருக்கு, பார்த்த பின் சரிசெய்யச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்க வெகுகாலம் ஆனதே அதற்குக் காரணம் என்பது என் முடிவு. பின்னோட்டத் தடுப்பின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம். நான் அதை உள்ளூர் விதிகளின் வரலாறாகப் பார்க்கிறேன்.

கேம்பிரிட்ஜ் விடுதியும் லண்டன் விதிகளும்

1873-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், கேம்பிரிட்ஜின் கீயஸ் கல்லூரி மாணவர்களுக்குக் குடற்காய்ச்சல் கண்டது. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் 'ட்ரீ கோர்ட்' என்ற புதிய கட்டடத்தில் தங்கியவர்கள். பழைய கட்டடங்களைவிட அது வசதியானது, தூய்மையானது. அங்கே ஏன் நோய்? விசாரிக்க வந்த அரசு மருத்துவர் ஜார்ஜ் புக்கானன் சாக்கடையையும் பாலையும் பார்த்துவிட்டுக் குழாய்களுக்கு வந்தார். அந்தக் கட்டடத்துக்குத் தெரு மெயினிலிருந்து தனிக் கிளை போயிருந்தது. கழிப்பறைகளுக்கான குழாய்களும் அதே கிளையில் நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தன. விநியோகம் நின்று குழாய் வெறுமையாகும்போது, கழிப்பறைப் பக்கத்திலிருந்து கழிவு உள்ளே இழுக்கப்பட வழி இருந்தது. அதே ஆண்டுகளில் ஷெர்போர்ன், லூயிஸ், கிராய்டன் ஆகிய ஊர்களில் நடந்த விசாரணைகளும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. விநியோகம் இடையிடையே நின்றதே கழிவைக் குழாய்க்குள் அழைத்து வந்தது.

லண்டனில் இதற்கான விதி ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. 1871-ஆம் ஆண்டின் தலைநகர நீர்ச் சட்டத்தின்கீழ் 1872-இல் ஏற்கப்பட்ட ஒழுங்குவிதிகள், கழிப்பறைக்குப் போகும் குழாய் அதற்கென்று வைத்த தொட்டியோடு மட்டுமே இணையலாம், கழிப்பறையின் வேறெந்தப் பாகத்தையும் தொடக்கூடாது என்றன. கழிப்பறையில் இன்று நாம் பார்க்கும் ஃபிளஷ் தொட்டிக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு: தெருக் குழாயையும் மலத்தையும் பிரித்து வைப்பது. ஆனால் அன்றைய நீர் நிறுவனங்களின் முதற்கவலை தண்ணீர் வீணாவது. மாசு அதற்கு அடுத்த இடத்தில்தான் இருந்தது. நோக்கம் எதுவாயினும், வீட்டுக்குள் இருக்கும் பொருத்துகளைப் பற்றி விதி செய்யவும் அவற்றைச் சோதிக்கவும் நீர் வழங்குபவருக்கு உரிமை உண்டு என்ற கொள்கை பிரிட்டனில் அப்போதே வேர்விட்டது. அந்த மரபில் வந்த 1999-ஆம் ஆண்டின் நீர்ப் பொருத்து ஒழுங்குவிதிகள் நீரை ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. முதல் வகை குடிநீர். ஐந்தாம் வகை மலக்கழிவு போன்ற கடும் ஆபத்துள்ளது. வகை ஏற ஏறத் தடுப்பும் கடுமையாக வேண்டும்.

சிகாகோ, 1933

அமெரிக்காவில் கதை வேறாகப் போனது. அங்கே நகரத்தின் குழாய் மீட்டரோடு முடிந்தது. அதற்கு அப்பால் கட்டட உரிமையாளரும் பிளம்பரும்தான்.

1933 மே மாதம் சிகாகோவில் உலகக் கண்காட்சி தொடங்கியது. நாடெங்குமிருந்து மக்கள் குவிந்தார்கள். கோடையின் பிற்பகுதியில், மிச்சிகன் அவென்யூவில் அருகருகே இருந்த காங்கிரஸ், ஆடிட்டோரியம் என்ற இரு விடுதிகளோடு தொடர்புடையவர்களுக்கு அமீபா வயிற்றுக்கடுப்பு தோன்றத் தொடங்கியது. கொடுமை என்னவென்றால், விருந்தினர்கள் நோய் முற்றுவதற்குள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பிவிட்டார்கள். அமீபா நோயை அதிகம் பார்த்திராத அந்த ஊர் மருத்துவர்கள் குடல்வால் அழற்சி என்று எண்ணி அறுவை செய்தார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள். இரவு விடுதிகளில் புகழ்பெற்ற கலைஞர் டெக்சஸ் கைனன் சிகாகோவில் நிகழ்ச்சி நடத்திவிட்டு, நவம்பர் 5 அன்று கனடாவின் வான்கூவரில் இந்த நோயால் இறந்தார். மொத்தம் 1,409 பேர் நோயுற்றதாகவும் 98 பேர் இறந்ததாகவும் கணக்கிடப்பட்டது. நகரச் சுகாதாரத் தலைவர் ஹெர்மன் பன்டசன் செய்தியை மக்களுக்குச் சொல்லத் தாமதித்தார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. கண்காட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு நகரம் மௌனம் காத்தால் அதன் விலையை வெளியூர்க்காரர்கள் கொடுக்க நேரிடும், இங்கே கொடுத்தார்கள்.

முதலில் சமையலறைப் பணியாளர்கள்மீது பழி விழுந்தது. நோய்க்கிருமி சுமப்பவர்களைத் தேடிப் பிடித்து விலக்கினார்கள். பொறியாளர்கள் குழாய்களைத் தொடர்ந்து சென்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. இரு விடுதிகளும் நீரைப் பகிர்ந்துகொண்டிருந்தன. காலங்காலமாக ஒட்டுப்போட்டு வளர்ந்த குழாய் அமைப்பு, கழிவும் குடிநீரும் கலக்கத் தோதான பல குறுக்கிணைப்புகளை மறைத்து வைத்திருந்தது. குளிர்ந்த குடிநீர்த் தொட்டியின் மேலாகவே கழிவுக் குழாய் போனது. நகரம் அனுப்பிய தண்ணீரில் குறை இல்லை. விடுதிக்குள் நுழைந்த பிறகே அது கெட்டது.

இந்த நிகழ்வுக்குப் பிறகு, கட்டடத்துக்குள் இருக்கும் குழாய் உரிமையாளரின் சொந்த விஷயம் என்று வாதிடுவது கடினமாயிற்று. 1942-இல் காற்றிடைவெளிக்கும் 1943-இல் பின்னோட்டத் தடுப்பான்களுக்கும் அமெரிக்கத் தேசியத் தரங்கள் வந்தன. குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு, எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி என்பது இன்றும் பரவலான அளவு.

ஆற்று நீரும் குடிநீரும்

விடுதிகளைவிட ஆலைகள் பெரிய தலைவலி. தீயணைக்க ஆற்று நீரையும், குடிக்க நகர நீரையும் வைத்திருந்த ஆலைகள் இரண்டையும் ஒரு வால்வு வைத்து இணைத்துக்கொண்டன. அந்த வால்வு கசியும், சில நேரம் யாராவது திறந்துவிடுவார்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் நகரமே இப்படி இரட்டைக் குழாய் வைத்திருந்தது. ஹெம்லாக் ஏரியின் தூய நீர் ஒன்றில், ஜெனசீ ஆற்றின் மாசுபட்ட நீர் தீயணைப்புக்கான மற்றொன்றில். 1940 டிசம்பரில் இரண்டும் கலந்தன. சுமார் 35,000 பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு வால்வை மட்டும் நம்பி இரு நீர்களைப் பிரித்து வைக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

1944-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் குறுக்கிணைப்புக் கட்டுப்பாட்டுக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது. தாழ்அழுத்த மண்டலத் தடுப்பான் அந்தக் காலத்து ஆக்கம். அதன் நுட்பத்தை விளக்குவது தேவை, ஏனென்றால் விதிகள் இதன்மீதுதான் நிற்கின்றன. அடுத்தடுத்து இரு ஒருவழி வால்வுகள். நடுவே ஓர் அறை. முதல் வால்வைத் தாண்டும்போது நீரின் அழுத்தம் சற்றுக் குறையும்படி அமைத்திருப்பதால், அறையின் அழுத்தம் எப்போதும் தெருப் பக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். வால்வு பழுதாகி அந்த வேறுபாடு குறைந்தால், அறையின் அடியிலுள்ள வெளியேற்றத் திறப்பு தானாகத் திறந்து நீரைத் தரையில் கொட்டிவிடும். கெட்ட நீர் ஊருக்குள் போவதற்குப் பதிலாகக் கண்ணெதிரே தரையில் வழிகிறது. பழுதானதைத் தானே அறிவிக்கும் கருவி இது. ஆனாலும் ரப்பர் தேயும், வில் தளரும், மணல் சிக்கும். ஆண்டுக்கொரு முறை பயிற்சி பெற்றவர் அளவுமானி வைத்துச் சோதித்தால்தான் அது தடுப்பான். இல்லாவிட்டால் வெறும் பித்தளை.

சோதிக்கச் சொல்ல யாருக்கு அதிகாரம்? உள்ளூர் விதி இங்கேதான் உள்ளே வருகிறது. நகரங்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது: உன் கட்டடத்துக்குள் நான் வரவில்லை, என் தண்ணீர் வேண்டுமென்றால் இணைப்பிலேயே தடுப்பான் வை, ஆண்டுதோறும் சோதனைச் சான்றை அனுப்பு, தவறினால் இணைப்பைத் துண்டிப்பேன். வாசலில் தடுக்கும் இந்த முறையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1973-இல் வெளியிட்ட கையேடும் மாதிரி விதியோடு பரப்பியது.

இரண்டு தடுப்பும் வேண்டும்

வாசலில் தடுத்தால் போதுமா என்பதில் பொறியாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. என் பார்வையில் விடை வரலாற்றிலேயே இருக்கிறது.

1969 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் ஒரு தீ விபத்து. தீயணைப்புக்காக நீரை இழுத்தபோது அழுத்தம் விழுந்தது. ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சித் திடலில், நீர்தெளிப்பான்கள் தரைக்குக் கீழே பெட்டிகளில் பதிக்கப்பட்டிருந்தன. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அங்கே விளையாடுவார்கள். அவர்களில் சிலருக்கு மஞ்சள்காமாலை. அவர்களால் மாசுபட்டுப் பெட்டிகளில் தேங்கிய நீர் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டு, வீரர்கள் குடித்த குழாயில் வந்தது. அணியைச் சேர்ந்த 97 பேரில் 90 பேருக்கு அதே தொற்று. இரண்டே ஆட்டங்களோடு அந்தப் பருவம் முடிந்தது. கல்லூரியின் மீட்டரில் எத்தனை உயர்ந்த தடுப்பான் இருந்திருந்தாலும் அந்த வீரர்களைக் காப்பாற்றியிருக்காது. கேடு மீட்டருக்கு உட்புறத்திலேயே சுற்றி வந்தது. சிகாகோ விடுதிகளுக்கும் இது பொருந்தும்.

சியாட்டில் நேரெதிர். 1979 பிப்ரவரியில் ஒரு கார் கழுவும் நிலையத்தில் பம்பு பழுதானது. தற்காலிகமாக நகரக் குடிநீரை ஒரு குழாய் போட்டு இணைத்தார்கள். பம்பைப் பழுதுபார்த்த பிறகு அந்தக் குழாயைக் கழற்ற மறந்தார்கள். சோப்பு கலந்த கழிவுநீர் பம்பின் வேகத்தில் தெரு மெயினுக்குள் ஏறி, சுற்றுப்புற வீடுகளில் வழுவழுப்பான சாம்பல் நீராக வந்தது. இணைப்பில் ஒரு தடுப்பான் இருந்திருந்தால் கெட்ட நீர் அந்த நிலையத்தைத் தாண்டியிருக்காது. 2016 டிசம்பரில் டெக்சஸின் கார்பஸ் கிறிஸ்டியில், தார் கலவைக்கான ஒரு வேதிப்பொருள் தொழிற்பகுதியிலிருந்து பின்னோட்டத்தால் கலந்திருக்கலாம் என்ற அச்சத்தில், மூன்று லட்சம் பேர் வாழும் நகரம் ஏறத்தாழ நான்கு நாள் குழாய் நீரைத் தொடாமல் இருந்தது. வாசல் தடுப்பு ஊரைக் காக்கும். உள்தடுப்பு உள்ளிருப்போரைக் காக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கைவிடும் விதி அரைவிதிதான்.

அமெரிக்க நடுவண் அரசின் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். 1974-இல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின்கீழ் நீரின் தரத்துக்கு வரம்புகள் வந்தன. ஆனால் பயனாளியின் கட்டுப்பாட்டிலுள்ள சூழலால் சேரும் மாசு அந்தக் கணக்கில் பெரும்பாலும் வராது. குறுக்கிணைப்புக்கென நாடு தழுவிய ஒழுங்குவிதியும் இல்லை. கலிஃபோர்னியா 1987-இல் தன் மாநில விதிகளை வகுத்தது; 2024 ஜூலை 1 முதல் அவற்றின் இடத்தில் புதிய கொள்கைக் கையேடு நடைமுறையில் இருக்கிறது. மற்ற பல இடங்களில் விதியின் வலிமை பெரும்பாலும் அந்தந்த ஊரின் அக்கறையைப் பொறுத்தது.

நம் வீட்டுச் சம்ப்

புக்கானன் கண்ட குழாய் நமக்கு அந்நியமில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் நேரம் வைத்துத்தான் தண்ணீர் வருகிறது. மற்ற நேரம் தெருக் குழாய் வெறுமை. அதே தெருவில் சாக்கடையும் ஓடுகிறது. குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால், மோட்டார் பறிமுதல், இணைப்புத் துண்டிப்பு என்று உள்ளாட்சிகள் அறிவிக்கின்றன. பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். மோட்டார் குழாய்க்குள் வெற்றிடத்தை உண்டாக்கி, விரிசல் வழியே கழிவையும் இழுக்கும் என்ற காரணம் அறிவிப்புகளில் முன்னுக்கு வருவதில்லை. 1872-இல் லண்டனில் மாசைவிட வீணடிப்பு பெரிதாகத் தெரிந்தது போலத்தான் இதுவும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் குழாய்ப்பணிப் பகுதி பின்னோட்டத் தடுப்பைச் சொல்கிறது. ஊராட்சியும் நகராட்சியும் அதை இணைப்பு வழங்கும் நிபந்தனையாக ஆக்கி, ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். மருத்துவமனை, சாயப்பட்டறை, வாகனம் கழுவும் நிலையம் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

அதுவரை ஒரு வேலையை நாமே செய்யலாம். இன்று சம்பின் மூடியைத் திறந்து பாருங்கள். தெருத் தண்ணீர் வந்து விழும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், பிளம்பரைக் கூப்பிட்டு, சம்ப் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே அதை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.