முகவெலும்பு முறிவுச் சீரமைப்பும் கணினியும்: கண்குழியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கை, கால் எலும்பு முறிந்தால் அது கூடியதா என்பதே முதல் வினா. முகத்தில் எலும்பு கூடிவிடுவது மட்டும் போதாது. உரிய இடத்தில் கூடியிருத்தல் வேண்டும். சில மில்லிமீட்டர் விலகிக் கூடிய கன்ன எலும்பு முகத்தின் அகலத்தையே மாற்றிவிடும். கண்குழியின் தளம் தாழ்ந்து போனால் கண் உள்வாங்கும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். தவறாகக் கூடிய எலும்பை மீண்டும் உடைத்துத் திருத்தும் இரண்டாம் அறுவை, முதல் அறுவையைக் காட்டிலும் கடினமானது. இத்துறையில் கணினியின் வருகையைப் ‘புரட்சி’ என ஒரு சொல்லில் முடித்துவிடும் போக்கு பரவலாக உள்ளது. கணினி எந்த இடைவெளியை நிரப்பியது, எதனை நிரப்பவில்லை என்பதைக் கண்குழி முறிவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நிழலும் தொடுவுணர்வும்

முகவெலும்பு முறிவுகள் பற்றிய முறையான அறிவு சடலங்களிலிருந்து தொடங்கியது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர், சடலங்களின் தலைகளை மழுங்கிய பொருள்களால் தாக்கி, பின்னர் தசையை நீக்கி, எலும்பில் விழுந்த விரிசல்களைப் பதிவு செய்தார். 1901இல் வெளியான அவருடைய ஆய்வு, நடுமுகம் பெரும்பாலும் மூன்று கோடுகளின் வழியே பிளவுபடுகிறது என்று காட்டியது. அக்கோடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. விரைந்து செல்லும் ஊர்திகளின் விபத்துகளில் நிகழும் முறிவுகள் அவர் வகுத்த தூய வடிவங்களில் அமைவது அரிது என்பதைப் பிற்காலப் படிமங்கள் காட்டிய பின்னும் அவ்வகைப்பாடு கைவிடப்படவில்லை என்பது எண்ணத்தக்கது.

1895இல் ரான்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிர் முகத்துக்கு ஓரளவே பயன்பட்டது. முகத்தின் மெல்லிய எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிழலிட்டு ஒன்றையொன்று மறைத்தன. தலையைச் சாய்த்துப் படமெடுக்கும் கோணங்கள் வகுக்கப்பட்டும் ஆழம் புலப்படவில்லை. எனவே மருத்துவர் தொடுவுணர்வையே நம்பினார். முதல் உலகப் போரில் சிதைந்த முகங்களைச் சிட்கப் மருத்துவமனையில் சீரமைத்த ஹெரால்ட் கில்லீஸ், 1927இல் தம் உடன்பணியாளர்களோடு வெளியிட்ட முறை இதற்குச் சான்று. நெற்றிப்பொட்டின் மயிர்ப்பகுதிக்குள் சிறிய வெட்டிட்டு, கருவியைக் கன்ன எலும்பின் அடியில் செலுத்தி, நெம்பி உயர்த்துவது அம்முறை. எலும்பு தன் இடத்தில் அமர்ந்ததைக் கண் காணவில்லை, கை உணர்ந்தது. அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

கன்ன எலும்புக்குப் பொருந்திய இத்தொடுவுணர்வு கண்குழியின் ஆழத்துக்குப் பொருந்தவில்லை. கண்குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். அதன் தளமோ மிக மெல்லியது. பைரன் ஸ்மித், வில்லியம் ரீகன் ஆகியோர் 1957இல், கண்ணின் மீது விழும் அடி கண்குழியின் விளிம்பை விட்டுவிட்டுத் தளத்தை மட்டும் உடைக்கக்கூடும் என்று விளக்கினர். வெளியே முகம் மாறாதிருக்க உள்ளே தளம் சரிந்திருக்கும் என்பது இதன் பொருள்.

கணினி நுழைந்த இடம்

கணினித் துணையுடனான முகவறுவை 1990களில் தோன்றியதாகக் கொள்வது வழக்கம். அதன் உண்மையான தொடக்கம் 1971 அக்டோபர் 1 என்று கொள்வதே பொருந்தும். அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படம்பிடித்தது. சி.டி. படம் என்பது கணக்கிட்டுப் பெறப்படும் படம். கணினியின்றி அது இல்லை. மூளையைக் காண உருவான அக்கருவியின் பயன் முகவெலும்புக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன. 1980களின் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் வானியர், ஜெஃப்ரி மார்ஷ் குழுவினர் அடுக்கடுக்கான படங்களைச் சேர்த்து மண்டையோட்டை முப்பரிமாணத்தில் திரையில் எழுப்பினர்.

காண முடிந்ததைக் கையால் நிலைநிறுத்த முடியாவிடில் அக்காட்சியால் பயனில்லை. எலும்புத் துண்டுகளைக் கம்பியால் பிணைத்த காலத்தில் அவை முறுக்கிக்கொள்ளும், சரியும். பிரான்சில் மிஷ்லேயும் ஷாம்பியும் 1970களில் வளர்த்தெடுத்த சிறு உலோகத் தகடுகளும் திருகாணிகளும் இந்நிலையை மாற்றின. அடுத்த பத்தாண்டில் பால் மேன்சன், ஜோசஃப் கிரஸ் போன்றோர் சி.டி. படம், முறிவைத் திறந்து காணுதல், தகட்டால் இறுக்குதல் ஆகிய மூன்றையும் இணைத்தனர். கணினி வரலாறுகளில் இத்தகடுகளுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது குறையே.

கண்ணாடிப் படிமமும் வழிகாட்டலும்

உடைந்த கண்குழியின் பழைய வடிவம் யாரிடமும் பதிவாகி இருப்பதில்லை. இந்த இடத்தில்தான் கணினி புதிய ஒன்றைத் தந்தது. முறியாத பக்கத்தின் சி.டி. தரவைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி முறிந்த பக்கத்தின் மீது பொருத்தினால் அறுவைக்குரிய இலக்கு கிடைக்கிறது. இவ்விலக்கை அறுவை மேசையில் தேடிச் செல்ல வழிகாட்டும் கருவி நரம்பியல் அறுவையிலிருந்தும் காது, மூக்கு, தொண்டை அறுவையிலிருந்தும் வந்தது. 1986இல் அமெரிக்காவில் டேவிட் ராபர்ட்ஸ் குழுவினர் தலைச்சட்டமின்றிச் சி.டி. படத்தை அறுவை நுண்ணோக்கியோடு இணைத்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியின் ஆஹன் நகரில் ஷ்லோன்டார்ஃப் குழுவினர் மூட்டுகளுடைய கருவிக்கையைப் பயன்படுத்தினர். பின்னர் அகச்சிவப்புக் கேமராக்கள் அக்கையின் இடத்தைப் பிடித்தன. கருவியின் முனை எங்கே தொடுகிறதோ அப்புள்ளி திரையில் உள்ள படத்தில் தெரியும். விபத்துக்குப் பின் உருக்குலைந்த ஒருபக்கக் கண்குழிகளை இவ்வாறு சீரமைத்த அனுபவத்தைக் கெல்ரிஷ் முதலியோர் 2002இல் வெளியிட்டனர்.

இதன் பயன் நுட்பமானது. கண்குழியின் தளம் தட்டையானதன்று. பின்னோக்கிச் செல்லச் செல்ல மேலேறும். பின்னால் எஞ்சியுள்ள எலும்பு விளிம்பின் மேல் தகட்டின் முனை அமர வேண்டும். பார்வை நரம்பின் அருகே செல்ல அஞ்சும் மருத்துவர் முன்னரே நின்றுவிட்டால் தகடு கீழ்நோக்கிச் சரிந்து, கண் மீண்டும் உள்வாங்கும். முனை அவ்விளிம்பில் இருப்பதைத் திரை உறுதிசெய்யும்போது கை அஞ்சாமல் செல்லும்.

சார்லஸ் ஹல் 1986இல் காப்புரிமை பெற்ற, ஒளியால் பிசினை இறுகச் செய்யும் அச்சுமுறை மற்றொரு வழியைத் திறந்தது. நோயாளியின் மண்டையோட்டு மாதிரியை அச்சிட்டு, அதன் மேல் தகட்டை முன்கூட்டியே வளைத்துக்கொள்ளலாம். வழிகாட்டும் கருவியை வாங்க இயலாத மருத்துவமனைகளுக்கு இதுவே எட்டக்கூடிய கணினித் துணை.

எட்டாதவை

கண்ணாடிப் படிமம், முகத்தின் இரு பக்கங்களும் ஒத்தவை என்னும் எடுகோளின் மீது நிற்கிறது. எந்த முகமும் முற்றிலும் அவ்வாறு அமைவதில்லை. இரு பக்கமும் உடைந்தவருக்கோ இலக்கே கிடைப்பதில்லை. சராசரி வடிவங்களையோ விபத்துக்கு முந்தைய படங்களையோ நாட வேண்டியுள்ளது. எலும்பின் கொள்ளளவைச் சரியாக மீட்ட பின்னும், வடுவுற்ற தசையும் சுருங்கிய கொழுப்பும் கண்ணைப் பழைய இடத்துக்கு வரவிடாமல் செய்யலாம். திரையில் தெரியும் எலும்புப் படிமம் இதனைச் சொல்வதில்லை.

கீழ்த்தாடையின் நிலை வேறு. அது அசையும் எலும்பாதலால் மண்டையோட்டில் பொருத்திய அடையாளங்களைக் கொண்டு அதனைப் பின்தொடர்வது கடினம். அங்கே மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் பொருந்தும் கடியமைவே அளவுகோல். முதல் உலகப் போரில் வராஸ்டாட் கஸான்ஜியான் போன்ற பல் மருத்துவர்கள் தாடைச் சீரமைப்பில் முன்னின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பற்கள் எஞ்சியிருக்கும் தாடையில் இன்றைய மருத்துவரும் தகட்டைத் திருகுமுன் இரு வரிசைகளையும் கம்பியால் பிணைத்துக் கடியைச் சரிபார்த்துக்கொள்கிறார்.