சிறப்புத் துறைச் செவிலியர் சான்று

பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் தீவிர சிகிச்சை, புற்றுநோய், மனநலம், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு போன்ற ஏதேனும் ஒரு துறையில் கூடுதல் பயிற்சியும் தேர்ச்சியும் பெற்றிருப்பதை உறுதிசெய்வது சிறப்புத் துறைச் சான்று. பதிவு இருந்தால் எந்த வார்டிலும் டியூட்டி பார்க்கலாம். குறிப்பிட்ட ஒரு வார்டில் இவரை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாம் என்பதற்கே இந்தச் சான்று. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு மருந்தைக் கணக்கிடும்போது தசமப்புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து ஏறிவிடும். பெரியவர்கள் வார்டில் பல ஆண்டு பழகிய கைக்கும் இந்தக் கணக்கு புதிது.

வங்கத்தில் செவிலியர் பதிவு 1934-ஆம் ஆண்டு வங்காளச் செவிலியர் சட்டத்தால் வந்தது. சென்னை மாகாணம் 1926-லேயே சட்டம் இயற்றிவிட்டது. துறைவாரிப் பயிற்சியில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 1932-இல் அங்கே நிறுவப்பட்ட அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம், பின்னாளில் பொதுச் சுகாதாரச் செவிலியத்தையும் கற்பித்தது.

அமெரிக்காவில் மயக்கவியல் செவிலியருக்கு 1945-இல் தகுதித் தேர்வு தொடங்கியது. அங்கே பெரும்பாலான சிறப்புச் சான்றுகளைச் சில ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்தது வேறு வழி: பதிவுக்குப் பின் மருத்துவமனையிலேயே பணியாற்றிப் படிக்கும் ஓராண்டுப் பட்டயங்கள். பட்டயம் வாங்கியவருக்கு அந்தத் துறையில் மறுதேர்வு கிடையாது. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தாளை வைத்து இன்றைய திறமையை அளக்க வேண்டியிருப்பது இம்முறையின் பெரிய குறை.

இதைவிடச் சிக்கலானது, படித்த துறையிலேயே பணி கிடைக்குமா என்பது. 2002-ஐ ஒட்டி மேற்கு வங்கத்தில் மருத்துவச்சிச் செவிலியருக்கான 18 மாதப் பயிற்சி சோதனையாகத் தொடங்கியது. சிக்கலற்ற பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தக்கூடியவர்களை உருவாக்குவதே அதன் நோக்கம். ஆனால் அவர்களுக்கெனத் தனிப் பணிநிலை அன்று நாட்டில் இல்லை. அப்படியொரு பிரிவுக்கான தேசிய வழிகாட்டுதல் 2018 டிசம்பரில்தான் வெளிவந்தது.

2020 மே மாதம், கொரோனா பரவிய வேளையில், மணிப்பூர் உள்ளிட்ட பிற மாநிலங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான செவிலியர்கள் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளை விட்டு ஊர் திரும்பினர். எண்ணிக்கையைப் புது ஆட்களால் நிரப்பலாம். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் குழாய் கழன்றதா, சளி அடைத்ததா என்று நொடியில் பிரித்தறிபவரை உடனே அமர்த்த முடியாது.

1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், செவிலியக் கல்வியின் தரத்தையும் தேசியப் பதிவேட்டையும் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையத்தின் பொறுப்பில் வைக்கிறது.