மூணு காட்டுப்பள்ளியும் ஜாவாஸ்கிரிப்டும்

எங்க பக்கம் காட்டுப்பள்ளின்னா மீஞ்சூர் தாண்டி, கடலோரம், துறைமுகம் இருக்கிற ஊர். தஞ்சாவூர்க்காரர்கிட்ட சொன்னா "காவிரிக்கரையில இருக்கே, அதுவா?"ம்பார். திருவெண்காடு பக்கமும் ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டுமே தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். குழப்பம் வராம இருக்க முதலாவதை மேலைத் திருக்காட்டுப்பள்ளின்னும் அடுத்ததை கீழைத் திருக்காட்டுப்பள்ளின்னும் பெரியவங்க பிரிச்சாங்க. பேரை மாத்தலை, முன்னால ஒரு அடையாளம், அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்ட் உலகத்துல இந்தப் பழக்கம் பரவ பத்து வருஷம் போல ஆச்சு மக்களே.

1995 மே மாசம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதோட முதல் வடிவத்தை எழுதினார். ஒரு பக்கத்துல எத்தனை நிரல் ஏத்தினாலும் எல்லாத்துக்கும் ஒரே பொது முற்றம். ரெண்டு பேர் ஒரே பேரில் மாறி வெச்சா, பின்னால வந்தவர் மதிப்புதான் நிக்கும். பிழைச்செய்திகூட வராது. படிவம் சரிபார்க்க பத்து வரி எழுதின காலத்துல இது யாரையும் உறுத்தலை.

நாம மாட்டினது அதுக்கப்புறம். டெம்ப்ளேட்டில் ஓட்டுப்பட்டை, வருகை எண்ணி, தமிழில் தட்டச்ச ஒரு பெட்டின்னு கண்டதையும் ஒட்டினோமே, ஞாபகம் இருக்கா? ஒருநாள் புதுசா ஒரு கடிகாரம் ஒட்டினேன், தட்டச்சுப் பெட்டி ஊமையாயிடுச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எழுத்துருவைத் திட்டிக்கிட்டிருந்தேன். ரெண்டு நிரலுமே 'விண்டோ.ஆன்லோட்'டில் தன் வேலையை எழுதியிருந்தது. அந்த நாற்காலியில ஒரு ஆளுக்குத்தான் இடம்! (கடிகாரம் மணியாவது சரியா காட்டிச்சான்னு கேக்காதீங்க :-))

2006 பிப்ரவரியில் யாஹூ தன்னோட ஒய்யூஐ நூலகத்தை வெளியிட்டப்போ, எல்லாத்தையும் 'யாஹூ'ங்கிற ஒரே பேருக்குக் கீழ அடுக்கியிருந்தாங்க. 'யாஹூ.யூடில்.டாம்'. அதாவது பெயர்வெளி. நம்ம மேலை, கீழை கதைதான். நீளம், ஆனா மோதாது. ஒரே குறை, பூட்டு கிடையாது. யார் வேணா உள்ள கைவிட்டு மாத்தலாம்.

2007 ஜூனில் எரிக் மிராக்லியா, டக்ளஸ் கிராக்ஃபோர்டு சொன்ன உத்தியை விளக்கி எழுதினார். எல்லாத்தையும் ஒரு ஃபங்ஷனுக்குள்ள போட்டு உடனே ஓடவிடு, வெளிய தேவையானதை மட்டும் திருப்பிக் கொடு. காட்டுப்பள்ளியில இறங்குற கண்டெய்னர் மாதிரி. சரக்கு உள்ள, வெளிய எண் மட்டும். அந்த எண்ணோட முதல் மூணு எழுத்து உரிமையாளரைக் குறிக்கும். பாரிஸில் பதிவு பண்ணித் தர்றாங்க, அதனால ரெண்டு கம்பெனிக்கு ஒரே எழுத்து வராது. ஜாவாஸ்கிரிப்டில் அப்படி ஒரு பதிவாளர் இல்லை, முந்தினவருக்கே பேர்.

2009 ஜனவரியில் கெவின் டாங்கூர் ஆரம்பிச்சு வெச்ச முயற்சி காமன்ஜேஎஸ் ஆச்சு. நோட் அதைப் பிடிச்சுக்கிட்டதும் ஒவ்வொரு கோப்புக்கும் தனி அறை கிடைச்சது. மொழிக்குள்ளயே 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்' வந்தது 2015 ஜூனில். உலாவிகள்ல ஓட ஆரம்பிச்சது 2017இல். இருபத்திரண்டு வருஷம்!

பழைய கடன் அப்பவும் தீரலை. வரிசைக்கு, அதான் 'அர்ரே'வுக்கு, 'ஃப்ளாட்டன்'னு ஒரு வசதி சேர்க்கப் பார்த்தாங்க. மூடூல்ஸ்ங்கிற பழைய நூலகம் அதே பேரை எப்பவோ அங்க மாட்டி வெச்சிருந்தது. வரிசை எல்லாருக்கும் பொது, தனி அறை இதுக்கு உதவாது. புதுசைச் சேர்த்தா பழைய தளங்கள் உடையும்னு 2018இல் ஒரே ரகளை. பேரை 'ஸ்மூஷ்'னு வெக்கலாம்னு ஒருத்தர் விளையாட்டா சொல்ல, அதுக்கு வேற சண்டை. கடைசியில 'ஃப்ளாட்'னு சுருக்கி 2019 பதிப்பில் சேர்த்தாங்க.