வன்பொருள் வள மோதல்

கணினியில் பொருத்திய இரண்டு சாதனங்கள் ஒரே குறுக்கீட்டு (சாதனம் செயலியை அழைக்கும் சமிக்ஞை) இலக்கத்தையோ, ஒரே போர்ட் முகவரியையோ, நினைவகத்தின் ஒரே பகுதியையோ தமக்கென்று கோருவது வன்பொருள் வள மோதல் எனப்படும். அதைத் தீர்த்துவைப்பது பணிசெயல் முறைமையின் கேர்னல். மருதமுனைக் கடற்கரையில் ஒரு கரைவலைப் பாட்டில் ஒருவர் வலை வளைத்து முடியும்வரை அடுத்தவர் முறைக்காகக் காத்திருப்பார். கேர்னல் காப்பதும் இதே ஒழுங்கைத்தான். ஆனால் அந்த ஒழுங்கு சாதாரண மேசைக் கணினிக்குள் வந்துசேர இருபது ஆண்டுகள் சென்றன.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பீசியில் 8259 என்ற ஒரேயொரு குறுக்கீட்டுச் சில்லும் அதற்கு எட்டுத் தடங்களும் இருந்தன. 1984இன் ஏடி கணினியில் இரண்டாவது சில்லு சேர்ந்தது. இரண்டையும் இணைக்க ஒரு தடம் போக மிஞ்சியவை 15. மணிக்கூடு, விசைப்பலகை, வட்டு ஆகியவை தம் பங்கை எடுத்த பின், புதிய கார்ட் போடுபவருக்குக் கிடைத்தவை சிலவே. எந்தக் கார்டுக்கு எந்த இலக்கம் என்பதைக் கார்டின் மேலிருந்த ஜம்பரைக் கையால் மாற்றித்தான் முடிவு செய்தார்கள். முதல் சீரியல் போர்ட்டும் மூன்றாவதும் வழக்கமாக 4ஆம் குறுக்கீட்டையே பகிர்ந்தன. ஒன்றில் மவுஸும் மற்றதில் மொடெமும் இருந்தால், மவுஸை அசைத்ததும் தொலைபேசி இணைப்பு அறுந்துபோகலாம். இக்கணினிகளில் கார்டுகளை இணைத்த ஐஎஸ்ஏ பஸ்ஸில் தடத்தின் மின்னழுத்தம் உயரும் அந்தக் கணம்தான் அழைப்பு. ஒரு சாதனம் தடத்தை உயர்த்திப் பிடித்திருக்கையில் மற்றதன் அழைப்பு யாருக்கும் தெரியாது.

எந்தக் கார்ட் எந்த முகவரியில் இருக்கிறது என்று தேடுவதும் ஆபத்தாகவே இருந்தது. என்இ2000 வலையமைப்புக் கார்டின் ட்ரைவர், பதினறும எண்ணில் 300 எனும் முகவரியிலிருந்து 32 போர்ட்களைத் தொட்டுப் பார்க்கும். அங்கே வேறொரு கார்ட் இருந்தால் கணினியே உறைந்துபோகலாம். குறித்த முகவரிகளைத் தேடுதலிலிருந்து விலக்கிவைக்க லினக்ஸில் ‘ரிசர்வ்’ என்ற தொடக்க அளவுரு உருவானது இதனால்தான்.

1992இல் வந்த பிசிஐ பஸ் இந்தத் தொல்லையின் வேரில் கைவைத்தது. சாதனத்தின் முகவரிப் பதிவகத்தில் எல்லாப் பிட்டுகளிலும் 1 என எழுதித் திரும்ப வாசித்தால், தனக்கு எவ்வளவு இடம் தேவை என்பதைச் சாதனமே சொல்லிவிடும். குறுக்கீட்டுத் தடத்தைப் பலர் பகிரவும் பிசிஐ இடம் தந்தது. 1993இன் பிளக் அண்ட் பிளே ஐஎஸ்ஏ, 1995இன் விண்டோஸ் 95 ஆகியவை ஜம்பரின் காலத்தை முடிக்கத் தொடங்கின. 1996இல் யூஎஸ்பி வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர், வடோதராவில் படித்த அஜய் பட். மவுஸ், பிரிண்டர், மொடெம் யாவும் ஒரே கட்டுப்படுத்தியின் பின்னால் சென்றதால், தனித்தனிக் குறுக்கீடு கேட்கும் தேவையே அவற்றுக்கு இல்லாமற்போனது.

லினக்ஸின் பழைய ட்ரைவர்கள் ‘செக் ரீஜன்’ அழைத்து இடம் காலியா என்று பார்த்துவிட்டு, பிறகு ‘ரிக்வெஸ்ட் ரீஜன்’ அழைத்துப் பதிவு செய்தன. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வேறொரு ட்ரைவர் புகுந்துவிட முடியும். 1999இல் லினஸ் டோர்வால்ட்ஸும் மார்ட்டின் மாரெஷும் எழுதிய வள மரம், 2001 ஜனவரியில் வெளியான 2.4 கேர்னலுடன் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு வளத்துக்கும் தொடக்கம், முடிவு, பெயர், தாய், பிள்ளை, உடன்பிறப்பு உண்டு. புதிய கோரிக்கை வந்ததும், ஒரே பூட்டுக்குள் நின்றபடி கேர்னல் உடன்பிறப்புகளை முகவரி வரிசையில் பார்த்துச் செல்கிறது. எதனோடாவது மேற்பொருந்தினால் கோரிக்கை மறுக்கப்படும். புதியது பழையதை முழுவதுமாக உள்ளடக்கினால், பழையதைப் பிள்ளையாக்கி மேலே செருகும் வழியும் உண்டு. சிறிய நிரல்தான். ஆனாலும் கேர்னலின் மிக நேர்த்தியான பகுதிகளில் ஒன்று இது.

கேர்னலுக்குத் தெரியாத உரிமையாளர் ஒருவர் மிஞ்சினார். 1996 டிசம்பரில் வெளியான ஏசிபிஐ என்ற தரநிலை, மதர்போர்டின் ஃபேர்ம்வெயர் தந்த நிரலையும் வன்பொருளைத் தொட அனுமதித்தது. வெப்பத்தையும் விசிறியையும் கண்காணிக்கும் சில்லுகளில் பதிவக இலக்கத்தை முதலில் எழுதி, மதிப்பை அடுத்து வாசிக்க வேண்டும். இந்த இரு படிகளுக்கிடையே ஃபேர்ம்வெயர் வேறு இலக்கத்தை எழுதிவிட்டால் ட்ரைவர் வாசிப்பது தவறான பதிவகம். எழுதினால் விசிறியின் வேகமே மாறிப்போகலாம். 2009இன் 2.6.31 கேர்னல், ஏசிபிஐ உரிமை கோரிய போர்ட்களை இத்தகைய ட்ரைவர்களுக்கு மறுக்கத் தொடங்கியது. பலரின் கணினிகளில் வெப்ப அளவீடு காணாமற்போனதால் முறைப்பாடுகள் எழுந்தன. என்றாலும் அந்த முடிவு சரியானதே. பிழையான அளவீட்டைவிட அளவீடு இல்லாதிருப்பது மேல்.

இந்தத் தடையைத் தளர்த்த ‘லாக்ஸ்’ என்ற தெரிவு உண்டு. அதைப் போடுமுன் ‘ப்ரொக்’ அடைவிலுள்ள ‘ஐஓபோர்ட்ஸ்’, ‘ஐஓமெம்’ கோப்புகளை நிர்வாகி உரிமையுடன் திறந்து, அந்த முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டின் ஃபேர்ம்வெயரான பயாஸுக்குப் புதுப்பிப்பு இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.