உப்பும் சோறும்



அறப்போர் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவர்கள் தலைவர்களே. கடற்கரையில் குனிந்து உப்பை அள்ளிய கையை வரலாறு மறப்பதில்லை. அந்தக் கைக்குச் சோறிட்ட கையை அது எளிதில் மறந்துவிடுகிறது. 1930-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்தில் நிகழ்ந்த உப்பு அறப்போரைப் பற்றி நான் பேச விரும்புவது, அந்தச் சோறிட்ட கைகளை நினைவுகூர்வதற்காகவே.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. அரசனுக்கும் ஆண்டிக்கும் வேண்டிய அந்த உப்பை ஆங்கில அரசு தன் ஆதிக்கத்தில் வைத்திருந்தது. அரசின் அனுமதியின்றி உப்புக் காய்ச்சுவதும், கடல் தந்த உப்பைக் கரையிலிருந்து அள்ளுவதும் குற்றம். ஏறத்தாழ 37 கிலோ எடையுள்ள ஒரு மணங்கு உப்புக்கு 1 ரூபாய் 4 அணா வரி. செல்வர்க்கு இது ஒரு பொருட்டன்று. கூலியாளுக்கோ இது அன்றாடக் கஞ்சியின் மீது விழுந்த வரி. ஆகவேதான் காந்தியடிகள் உப்பைப் போர்க்கருவியாகத் தேர்ந்தார். 1930 மார்ச் 12-ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6-ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் உப்புச் சட்டத்தை மீறினார்.

தமிழ்நாட்டில் அப்போருக்குத் தலைமை தாங்கியவர் இராஜாஜி. ஏப்ரல் 13-ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டு விடியற்காலையில், திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு அவர் புறப்பட்டார். சேரவேண்டிய இடம் வேதாரணியம்; தொலைவு ஏறத்தாழ 150 மைல். வழியெல்லாம் காவிரி பாயும் தஞ்சைத் தரணி. வழிநடைப் பாடலை இயற்றித் தந்தவர் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை.

அந்நாளில் தஞ்சையின் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். உப்புத் தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ கொடுப்பவர் யாராயினும் ஆறு மாதச் சிறையும் அபராதமும் பெறுவர் என்பதே அது. துண்டு அறிக்கைகள் வாயிலாகவும், பறை முழக்கியும் அந்த ஆணை மக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

இந்த ஆணையின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். நடப்பவரை அடித்தால் நாடு கொதிக்கும். அவரைப் பட்டினி போட்டாலோ படை தானே கலைந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எந்த மண்ணில் போடப்பட்டது? விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழி பேசும் மண்ணில். மராட்டிய மன்னர்கள் வழிப்போக்கருக்குச் சோறிடச் சத்திரங்கள் கட்டிவைத்த மண்ணில். அதுவரை உப்புப் போர் தொண்டர்களின் போராக இருந்தது. பசித்தவருக்குச் சோறிடுவது குற்றம் என்று அறிவித்த அந்நாளிலேயே அது ஒவ்வொரு வீட்டின் போராகவும் மாறிவிட்டது.

மக்கள் என்ன செய்தனர்? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கின. தொண்டர்கள் ஆற்றங்கரையில் தங்கியபோது, பெரிய பாத்திரங்களில் உணவு மறைத்து வைக்கப்பட்டிருக்கும் இடத்தை யாரோ ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போவார். சமைத்தவர் யார், சுமந்தவர் யார் என்பதை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் என்பவரோ மறைக்கவும் இல்லை, அஞ்சவும் இல்லை. தம் வீட்டுக் கதவைத் திறந்து தொண்டர்களை வரவேற்றார். அதற்காகச் சிறை சென்றார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சட்டத்தை வெளிப்படையாக மீறி, தண்டனையை மனமுவந்து ஏற்பதே சத்தியாக்கிரகம் என்று காந்தியடிகள் போதித்தார். அப்படியானால், இருளில் வந்து மரத்தில் சோற்றைக் கட்டிவிட்டுப் போனவரை அறப்போர் வீரர் என்று சொல்லலாமா? முழுமையான சத்தியாக்கிரகி பந்துலு ஐயரே, அதில் ஐயமில்லை. ஆயினும் எல்லாரும் ஒரே நாளில் அச்சத்தைக் கடந்துவிடுவதில்லை. குடும்பத்தை நினைத்து நடுங்கிய ஒருவர், நடுங்கிக்கொண்டே ஒரு பொட்டலத்தைக் கட்டினார் என்றால், அவர் அச்சத்திலிருந்து ஓர் அடி வெளியே வந்துவிட்டார் என்றே நான் கருதுகிறேன். ஒருவர் நூறு அடி நடப்பது வீரம். நூறாயிரம் பேர் ஓர் அடி நடப்பது விடுதலை.

அந்த ஓர் அடியை மக்கள் வேறு வழிகளிலும் எடுத்துவைத்தனர். வேதாரணியத்தில் வைரப்பன் என்னும் முடிதிருத்தும் தொழிலாளி, தம் முன் அமர்ந்திருப்பவர் காவலர் என்று அறிந்ததும், பாதி மழித்த நிலையிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்பர். அதற்காக அவரும் சிறை சென்றார். ஓர் அரசு துப்பாக்கியால் மட்டும் நிற்பதில்லை. சோறு சமைப்பவர், துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், கடிதம் கொண்டு செல்பவர் ஆகிய ஆயிரம் எளியோரின் அன்றாட ஒத்துழைப்பால்தான் அது நிற்கிறது. அவ்வொத்துழைப்பு விலகும்போது துப்பாக்கி இருந்த இடத்தில் இருக்கும், ஆட்சி இருப்பதில்லை. அரசின்மீது ஆழ்ந்த பற்று என ஒன்று எப்போதேனும் இருந்திருந்தால் அது இப்போது மறைந்துவிட்டது என்று அந்தத் தார்ன் துரையே மேலிடத்துக்கு எழுதும் நிலை வந்தது.

படை வேதாரணியத்தை அடைந்தது ஏப்ரல் 28-ஆம் நாள். அங்கே வேதரத்தினம் பிள்ளை அவர்களை வரவேற்றார். ஏப்ரல் 30-ஆம் நாள் இராஜாஜி உப்பை அள்ளினார். கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவருக்குப் பின்னும் தொண்டர்கள் அணியணியாகச் சென்றனர். அள்ளிய உப்பை மூடிய கையைத் தடியடி பட்டும் அவர்கள் திறக்கவில்லை. திருப்பி அடிக்கவும் அந்தக் கை எழவில்லை. ருக்மிணி லட்சுமிபதி போன்ற பெண்மணிகளும் சிறை புகுந்தனர்.

இத்தனைக்குப் பின்னும் உப்பு வரி உடனே ஒழிந்துவிடவில்லை. 1931 மார்ச்சில் ஏற்பட்ட காந்தி–இர்வின் உடன்படிக்கை, உப்பு விளையும் பகுதி மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ள மட்டுமே இடமளித்தது. வரி முற்றிலும் நீங்கியது 1947-இல்தான். எனினும் மக்கள் மனத்திலிருந்த அச்சம் 1930-ஆம் ஆண்டிலேயே நீங்கத் தொடங்கிவிட்டது.

வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் இன்று ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அதைக் காணச் செல்வோர், உப்பள்ளிய வீரர்களை வணங்குவதோடு, அவர்கள் நடந்துவந்த சாலையையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும். அநீதியான ஆணை ஒன்று நம்மிடம் வரும்போது, தலைமை தாங்கும் வாய்ப்பு நம்மில் சிலருக்கே கிட்டும். அதற்குத் துணைபோக மறுக்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு. பெயர் தெரியாத அந்தத் தஞ்சை மக்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.